இஸ்திரிப் பெட்டி போட்டால் பயன்பாடு குறைந்த வீடு: சோலார் மீட்டர் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவரின் வீடு. சிங்கிள் ஃபேஸ் இணைப்பு, கூரையில் 3 கிலோவாட் சோலார், பேட்டரி இல்லாத கிரிட் இன்வெர்ட்டர், வாசலில் இருவழி மீட்டர். நல்ல வெயில் நாளில் இன்வெர்ட்டரின் ஆப் 12 யூனிட்டுக்குச் சற்று மேலே காட்டும். சோலார் போடுவதற்கு முந்தைய பில்களை வைத்துப் பார்த்தால் வீட்டின் செலவு நாளுக்கு 13 யூனிட் வாக்கில்தான். அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "பன்னிரண்டு கூரையில வருது, பதிமூணு செலவாகுது, அப்புறம் எதுக்குங்க மீட்டர்ல தினமும் ஒன்பது யூனிட் ஏறுது?"

அதோடு நிற்கவில்லை. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கின் மேல் ஒரு லைட் சென்சாரை ஒட்டி வைத்து, துடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். அது தினமும் 17 யூனிட் சொன்னது. மெயின் ஒயரில் ஒரு சி.டி. கிளாம்பை (ஒயரைச் சுற்றிப் பூட்டி ஆம்பியரை அளக்கும் வளையம்) மாட்டி, போனில் வாட் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் இருந்தது. யாரும் வீட்டில் இல்லாத நடுப்பகலில் அது 2,100 வாட் "பயன்பாடு" என்றது. மீட்டர் பழுது என்று புகார் எழுதும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், துப்பறியும் கதை எழுத வரவில்லை. மீட்டர் சரியாகத்தான் ஓடியது. சென்சாரும் கிளாம்பும்கூடப் பழுதில்லை. ஒரே ஒயரில் இரண்டு திசையிலும் மின்சாரம் போய்வரும்போது, திசை தெரியாத கருவியின் எண்ணுக்குப் பொருள் இல்லை. இரண்டு திசையையும் தனித்தனியாகக் கூட்டி வைக்காத கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் தப்பாகத்தான் வரும். கீழே வரும் எண்கள் வெயில் நாட்களுக்கானவை, கணக்குப் போட வசதியாகத் தோராயப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

முதலில் காகிதத்தில்

கருவி எதையும் வாங்குவதற்கு முன்னால் மீட்டரின் திரையை முழுதாக ஒரு சுற்று பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் முதலில் வரும் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இருவழி மீட்டர்களில் பல, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு குறியீடு காட்டும். 1.8.0 என்றால் வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த மொத்த யூனிட், அதாவது இம்போர்ட். 2.8.0 என்றால் வீட்டிலிருந்து வெளியே போனது, எக்ஸ்போர்ட். சில மீட்டர்களில் 15.8.0 என்றும் வரும். அது வந்ததையும் போனதையும் கூட்டிய எண். 16.8.0 என்றால் வந்ததில் போனதைக் கழித்த எண். மீட்டர்களுக்கான பொதுவான குறியீட்டு முறை இது, தயாரிப்பாளர் மாறினாலும் பொருள் மாறாது.

அந்த வீட்டு மீட்டரில் 1.8.0 நாளுக்கு 9 யூனிட் நகர்ந்தது, 2.8.0 நாளுக்கு 8 யூனிட். இன்வெர்ட்டர் 12. இப்போது ஒரே ஒரு கணக்கு:

வீட்டின் செலவு = சோலார் உற்பத்தி + இம்போர்ட் − எக்ஸ்போர்ட்

12 + 9 − 8 = 13. பழைய பில் சொன்ன அதே 13. மீட்டர் பழுது என்ற சந்தேகம் இங்கேயே பாதி தீர்ந்தது. சென்சாரின் 17 எங்கிருந்து வந்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது: 9 + 8. மீட்டரின் துடிப்பு விளக்கு, யூனிட் உள்ளே வந்தாலும் மினுக்கும், வெளியே போனாலும் மினுக்கும். வங்கிப் பாஸ்புக்கில் வரவையும் செலவையும் கூட்டி "இவ்வளவு செலவு" என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் அந்தச் சென்சாரும் சொல்லிக்கொண்டிருந்தது. சோலார் போடும் வரை அது சரியாக இருந்திருக்கும், அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

சொந்தமாகத் துடிப்பை எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று போட்டிருக்கும், 1000, 1600, 3200 என்று. 3200 என்றால் ஒரு துடிப்பு 0.3125 வாட் மணி. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள வினாடிகளால் 1125ஐ வகுத்தால் அந்த நேரத்து வாட் வந்துவிடும். வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 1,125 வாட். அருமையான வழி, மீட்டரின் துல்லியம் அப்படியே கிடைக்கும், சீல் எதையும் தொட வேண்டாம். சோலார் உள்ள வீட்டில் மட்டும் இது தனியாக நின்று உதவாது.

இஸ்திரிப் பெட்டிச் சோதனை

அடுத்தது கிளாம்ப். நடுப்பகல், வானம் தெளிவாக இருக்கிறது, வீட்டில் ஃபிரிட்ஜும் இன்டர்நெட் ரவுட்டரும் இன்னும் சில சில்லறைச் சாமான்களும் மட்டும் ஓடுகின்றன. போனில் 2,100 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டோம். எண் 3,100க்கு ஏற வேண்டும் இல்லையா? 1,100க்கு இறங்கியது. பெட்டி சூடாகி அதன் தெர்மோஸ்டாட் டிக்கென்று அணைத்ததும் மறுபடி 2,100. இஸ்திரிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாயிரம் வாட் கீசரையும் போட்டால் 900. இந்த 900 மட்டும் உண்மையிலேயே உள்ளே வந்தது. முந்தைய இரண்டும் வெளியே போய்க்கொண்டிருந்தவை. திரையில் மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே தலைப்பு.

காரணம் எளிது. சி.டி. கிளாம்ப் ஒயரைச் சுற்றிய காந்தப்புலத்திலிருந்து ஓடும் ஆம்பியரை மட்டும் அறிகிறது. ஏ.சி. கரண்ட் வினாடிக்கு ஐம்பது அல்லது அறுபது சுழற்சி முன்னும் பின்னும் போய்வருவது. ஆம்பியரை மட்டும் பார்த்து "உள்ளே", "வெளியே" என்று பிரிக்க முடியாது. திசை தெரிய வேண்டுமானால் அதே கணத்து வோல்ட்டும் வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒவ்வொரு கணமும் பெருக்கிச் சராசரி எடுத்தால் கிடைப்பதுதான் உண்மையான வாட். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் கூட்டல் குறி, எதிரெதிராகப் போனால் கழித்தல் குறி. அந்தக் குறிதான் திசை. வோல்ட்டுக்கென்று ஒயர் இல்லாத, வெறும் கிளாம்பை மாட்டி 230ஆல் பெருக்கிக் காட்டும் கருவி எந்தக் காலத்திலும் எக்ஸ்போர்ட்டைக் கண்டுபிடிக்காது. வோல்ட்டையும் எடுத்துக்கொண்டு, குறியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு வாட்டைக் காட்டும் மலிவான மாட்யூல்களும் உண்டு, வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதைத்தான். பெட்டியில் "இருவழி" என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஆம்பியர் அளவெல்லாம் அப்புறம்.

வெறும் கிளாம்பில் இன்னொரு பொய்யும் இருக்கிறது, அது இரவில் தெரியும். வீட்டு எம்.சி.பி.க்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் லைனில் விட்டோம். கிளாம்ப் கருவி எண்பது வாட்டுக்கு மேல் சொன்னது. சூரியன் இல்லாத இன்வெர்ட்டர் எண்பது வாட்டா தின்னும்? தின்னாது. உள்ளே வடிகட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. 5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.36 ஆம்பியர் இழுக்கும், பெருக்கினால் 83. ஆனால் அந்தக் கரண்ட் ஒரு கால் சுழற்சியில் வாங்கியதை அடுத்த கால் சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உண்மையான செலவு சில வாட்தான். பேட்டரி யு.பி.எஸ்., எல்.இ.டி. விளக்குகள், பழைய மோட்டார் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இதே கதை. "இரவில் ஏதோ திருட்டுத்தனமாக ஓடுகிறது" என்று பலர் புலம்புவதற்குப் பின்னால் இந்த 83தான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

எங்கே மாட்டுவது

புதிதாக இரண்டு டின் ரெயில் மீட்டர்கள் (பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் பூட்டுபவை) வைத்தோம். ஒன்று மெயின் லைனில், இன்னொன்று இன்வெர்ட்டரிலிருந்து வரும் லைனில். எடுத்தது ஈஸ்ட்ரான் எஸ்.டி.எம். 120 வகை, 45 ஆம்பியர் வரை ஒயரை நேராக உள்ளே விட்டு வெளியே எடுக்கலாம், சி.டி. தேவையில்லை, இம்போர்ட்டையும் எக்ஸ்போர்ட்டையும் தனித்தனியாகக் கூட்டி வைக்கும், மோட்பஸ் (கருவிகள் ஒயர் வழியாக எண்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக எண்களைப் படிக்கலாம். இதுதான் வேண்டும் என்றில்லை, இந்த மூன்று குணமும் உள்ள எதுவும் போதும். மெயின் லைனை அறுத்து மாட்டும் வேலை என்பதால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துத்தான் செய்தோம். மின் நிறுவனத்தின் மீட்டர் பக்கத்தில் ஒரு ஒயரையும் தொடவில்லை, தொடவும் கூடாது.

இடம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மெயினில் வைக்கும் மீட்டர், மின் நிறுவனத்தின் மீட்டருக்கும் வீட்டில் ஒயர் முதன்முதலாகக் கிளை பிரியும் இடத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். சில வீடுகளில் இன்வெர்ட்டர் லைனைக் கொண்டுவந்து மெயின் ஸ்விட்ச்சிலேயே சேர்த்துவிடுவார்கள், வீட்டு டி.பி. (கிளை ஒயர்கள் பிரியும் பெட்டி) அதற்கப்புறம்தான். அந்த டி.பி.க்குள் போகும் ஒயரில் கருவியை மாட்டினால் அது வீட்டின் செலவை மட்டும் பார்க்கும். எக்ஸ்போர்ட் அதன் வழியாகப் போகவே போகாது. அந்த எண்ணும் பயனுள்ளதுதான், ஆனால் அதை இம்போர்ட் என்று நினைத்துவிட்டால் எல்லாக் கணக்கும் சாயும். கிளாம்ப் வைப்பவர்களுக்கு இன்னொன்று: ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்து ஓடும் கேபிளின் மேல் கிளாம்பைப் பூட்டினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்து ஏறக்குறைய பூஜ்யம் வரும். ஃபேஸ் ஒயர் மட்டும்தான் உள்ளே போக வேண்டும், கிளாம்பின் அம்புக்குறி வீட்டைப் பார்த்து. கரண்ட்டாகவே வெளியீடு தரும் கிளாம்ப் என்றால், ஒயரில் லோடு ஓடும்போது அதன் இரண்டு முனைகளையும் கருவியிலிருந்து கழற்றக்கூடாது. திறந்து கிடக்கும் முனைகளில் ஆபத்தான வோல்ட் ஏறும்.

மோட்பஸ் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.எஸ். 485 இரண்டு ஒயர், ஏ, பி. மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, பதில்தான் வராது. இந்த வகை மீட்டரின் ஆரம்ப வேகம் 2400. பலரும் 9600 என்று வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஒயரைச் சோதிப்பார்கள். இரண்டு மீட்டரும் முகவரி 1 என்றே பிறந்திருக்கும், ஒன்றை 2 என்று மாற்றிவிட்டுத்தான் ஒரே ஒயரில் சேர்க்க வேண்டும். படிக்க வேண்டியது மூன்று இடம்: 12ல் இப்போதைய வாட், குறியோடு, 72ல் இம்போர்ட் யூனிட், 74ல் எக்ஸ்போர்ட் யூனிட். கையேட்டில் 30013, 30073, 30075 என்று ஒன்று கூட்டி, முன்னால் 300 சேர்த்துப் போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு ரெஜிஸ்டரில் (மீட்டர் எண்ணை வைக்கும் அறை) பாதிப் பாதியாக உட்கார்ந்திருக்கும் தசம எண். எந்தப் பாதி முதலில் என்பதை மாற்றிப் படித்தால் வீடு ஒரு மின் நிலையத்தைவிட அதிகம் செலவழிப்பதாகக்கூடக் காட்டும். அந்த மாதிரிப் பிழை நல்லது, உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழை, "மொத்த யூனிட்" என்ற எண். பல மீட்டர்களின் திரையில் முதலில் வருவது அதுதான். அது இம்போர்ட் மட்டுமா, இரண்டின் கூட்டலா, கழித்தலா என்பது உள்ளே இருக்கும் ஓர் அமைப்பைப் பொறுத்தது. அதைத் தொடவே வேண்டாம். இரண்டு எண்களையும் தனியாக எடுத்துக்கொண்டு, கூட்டலோ கழித்தலோ நாமே செய்துகொள்ளலாம்.

மாட்டி முடித்ததும் செய்த சோதனைகள் எளிமையானவை. இருட்டிய பிறகு வீடு வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டும், அதனால் மெயின் மீட்டரின் வாட் கூட்டல் குறியில் இருக்க வேண்டும். கழித்தல் என்றால் ஒயர் தலைகீழ். அப்புறம் கீசரைப் போட்டு, மின் நிறுவன மீட்டரின் நூறு துடிப்புக்கு எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தோம். 3200 துடிப்பு மீட்டரில் 2,000 வாட் ஓடினால் நூறு துடிப்புக்கு 56 வினாடி ஆகும். அந்த நேரத்தில் மின் நிறுவன மீட்டரும் நம் மெயின் மீட்டரும் ஒரே வாட்டைச் சொல்கிறதா என்று பார்த்தால் போதும். வகுப்பு 1 மீட்டர்கள் இவை, ஒரு சதவீதம் இங்கே அங்கே இருக்கும். மிகச் சிறிய லோடில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: 5 ஆம்பியர் அடிப்படை கொண்ட வகுப்பு 1 மீட்டர் எண்ணத் தொடங்கியே ஆக வேண்டிய கரண்ட் 20 மில்லி ஆம்பியர், 230 வோல்ட்டில் 4.6 வாட். அதற்குக் கீழே எண்ணலாம், எண்ணாமலும் இருக்கலாம்.

இன்வெர்ட்டர் லைனில் வைத்த மீட்டர் ஆப்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே சொன்னது. ஆப்பில் 12.4 என்றால் மீட்டரில் 12. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் அளவீடு அதன் கட்டுப்பாட்டுக்காக வைத்தது, பில் போடுவதற்காக அல்ல. யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆப்பின் எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

சராசரி தின்ற யூனிட்

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி இது. தொடக்கத்தில் வீட்டுக்காரர் தம் கணினியில் மணிக்கொரு முறை நிகர வாட்டின் சராசரியைச் சேமித்து, அதிலிருந்து அன்றைய இம்போர்ட்டைக் கூட்டினார். 8.4 யூனிட் வந்தது. மீட்டரின் கவுன்ட்டர் 9. ஒயரிங் சரி, குறி சரி, மீட்டர் இரண்டும் ஒத்துப்போகின்றன. 0.6 எங்கே போனது?

ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். காலை, சோலார் 1,000 வாட் தருகிறது, வீடு 200 வாட் தின்கிறது, மிச்சம் 800 வெளியே போகிறது. அந்த மணிக்குள் கீசரின் தெர்மோஸ்டாட் விழித்துப் பத்து நிமிடம் 2,000 வாட் இழுக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் 800 மிச்சம் போதாமல் 1,200 வாட் வெளியிலிருந்து வருகிறது, 0.2 யூனிட் இம்போர்ட். மீதி ஐம்பது நிமிடத்தில் 0.67 யூனிட் எக்ஸ்போர்ட். மீட்டர் இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்கிறது. மணிச் சராசரியோ 0.47 யூனிட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் பூஜ்யம் என்கிறது. அந்த 0.2 யூனிட் காணாமல் போகவில்லை, எக்ஸ்போர்ட்டோடு கழிந்து மறைந்துவிட்டது. கீசரை நாள் முழுக்க ஆனிலேயே விட்டிருந்தார்கள். பகலில் இப்படி மூன்று முறை விழித்தது. மூன்று இரண்டு ஆறு.

கீசர் மட்டுமில்லை. குறைந்த சூட்டில் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு பலவும் குறைந்த வாட்டில் ஓடுவதில்லை, முழு வாட்டில் சில வினாடி ஓடிச் சில வினாடி நிற்கும். வாஷிங் மெஷினின் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அதே ஜாதி. அரை நிமிடம் 2,000 வாட், அரை நிமிடம் பூஜ்யம் என்று ஓடும் ஒரு லோடுக்கு எதிரே சோலார் சரியாக 1,000 வாட் தந்தால், நிமிடச் சராசரி நிகரம் பூஜ்யம். ஒவ்வொரு கணமும் எண்ணும் மீட்டரில் அந்த மணி முடியும்போது அரை யூனிட் இம்போர்ட், அரை யூனிட் எக்ஸ்போர்ட். மேகம் வேறு சோலாரை வினாடிக் கணக்கில் ஏற்றி இறக்கும்.

ஆக, வாட்டைச் சேமித்து அதிலிருந்து யூனிட் கணக்கிடாதீர்கள். மீட்டரே கூட்டி வைத்திருக்கும் இரண்டு கவுன்ட்டர்களையும் படித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை அரை நாள் போனாலும் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கும், மின்சாரம் போய் வந்தாலும் கவுன்ட்டர் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளின் எனர்ஜி பக்கமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. கிரிட்டிலிருந்து வந்ததற்கு ஒரு கவுன்ட்டர், கிரிட்டுக்குத் திரும்பியதற்கு ஒன்று, சோலாருக்கு ஒன்று என்று மூன்றையும் கொடுத்தால் வீட்டின் செலவை அதுவே கணக்கிட்டுவிடும். வாட்டைப் பத்து வினாடிக்கொரு முறை சேமிப்பதும் நல்லதுதான், எந்த நேரத்தில் எது ஓடியது என்று கண்டுபிடிக்க அது வேண்டும். வேலை வேறு, அவ்வளவுதான்.

மீட்டர் உண்மையில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழிக்கிறது என்பது பில்லின் விதியையும் பொறுத்தது. சில இடங்களில் கணத்துக்குக் கணம் தனித்தனி. சில இடங்களில் கால் மணி அல்லது ஒரு மணிக்குள் நிகரம் பார்த்துவிடுவார்கள். பில் காலம் முழுவதற்கும் சேர்த்துக் கழிக்கும் விதியும் உண்டு. கடைசி வகை உங்களுக்கு வாய்த்திருந்து, எக்ஸ்போர்ட் யூனிட்டுக்கு இம்போர்ட் யூனிட்டின் அதே மதிப்பும் கிடைத்தால், கீசரை எந்த நேரத்தில் போட்டாலும் பில் ஒன்றுதான். அடுத்து வரும் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது. எக்ஸ்போர்ட்டுக்குக் குறைந்த மதிப்பு தரும் விதி என்றால் தொடர்ந்து படியுங்கள். இந்த வீட்டுக்கு எக்ஸ்போர்ட்டுக்குக் குறைந்த மதிப்புதான்.

ஒன்பது யூனிட் எந்த நேரத்தில் வந்தது

கவுன்ட்டர்களை நேரம் பிரித்துப் பார்த்ததில் இம்போர்ட் இப்படி விழுந்தது. இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை 2 யூனிட்: ஃபிரிட்ஜ், ஃபேன், யு.பி.எஸ்., ரவுட்டர். காலை ஆறிலிருந்து வெயில் ஏறும் வரை 2.4: கீசர், தண்ணீர் மோட்டார், அடுப்பு. பகலில் முன்பே சொன்ன அந்த 0.6. மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை 4, சமையலும் ஏசியும். மொத்தம் 9. சோலார் தந்த 12ல் வீடு நேரடியாகத் தின்றது 4 மட்டும், மூன்றில் ஒரு பங்கு. எட்டு வெளியே போனது. வீட்டில் ஆள் இருக்கும் நேரமும் வெயில் இருக்கும் நேரமும் சந்தித்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் விஷயம். நாள் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு 13க்கு எதிரே 12 என்று பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மாற்றியது மூன்று. கீசருக்கு டைமர் போட்டுக் காலைச் சூடாக்கலில் பெரும்பகுதியை நடுப்பகலுக்குத் தள்ளினார்கள்; சாயங்காலம் குளிப்பவர்களுக்கு அந்த நீர் போதும், காலையில் குளிப்பவர்களுக்காகச் சிறிது நேரம் மட்டும் ஓடுகிறது. விடியற்காலை ஓடிய மோட்டார் பதினொரு மணிக்குப் போனது. பகலில் கீசர் தன் இஷ்டத்துக்கு விழிப்பது பெரும்பாலும் நின்றது. இதில் ஒரு சூட்சுமம்: எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்குத் தள்ளிவிட்டால் காரியம் கெட்டுவிடும். மிச்சம் 2,100 வாட். கீசர் 2,000. அது தனியாக ஓடினால் உள்ளே அடங்கும். அதே நேரத்தில் 750 வாட் மோட்டாரும் ஓடினால் 650 வாட் வெளியிலிருந்து வரும், பத்து நிமிடம் கழித்து இரண்டும் நின்றதும் 2,100 வெளியே போகும். ஒன்று முடிந்து ஒன்று என்று வரிசையில் விட வேண்டும். இதற்கு மெயின் மீட்டரின் குறியோடு கூடிய வாட்டைப் பார்த்துத் தானாக ஓடும் ரிலே வைக்கலாம். இவர்கள் வீட்டில் டைமரே போதுமானதாக இருந்தது.

இம்போர்ட் 9லிருந்து 7க்கு இறங்கியது, எக்ஸ்போர்ட் 8லிருந்து 6க்கு. காலைக் கீசரில் 1.2, மோட்டாரில் 0.4, பகல் விழிப்பில் 0.4. சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் 12 + 7 − 6, அதே 13. வீடு ஒரு வாட்டையும் மிச்சம் பிடிக்கவில்லை, நேரத்தை மட்டும் நகர்த்தியது. சோலாரில் வீடே எடுத்துக்கொள்ளும் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதியானது. மேகமூட்டமான நாளில் கீசரை நடுப்பகலில் போட்டாலும் பெரிதாக லாபமில்லை, நஷ்டமும் இல்லை.

மூன்று ஃபேஸ் வீடென்றால்

இதே வேலையை மூன்று ஃபேஸ் வீட்டில் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மறுபடி "மூன்று கருவி மூன்று எண்" நிலைக்கு வந்துவிடுவார்கள். முதல் ஃபேஸில் சோலார் மிச்சம் 1,500 வாட் வெளியே போகிறது, மற்ற இரண்டு ஃபேஸிலும் தலா 700 வாட் உள்ளே வருகிறது என்று வையுங்கள். மூன்றையும் கணத்துக்குக் கணம் கூட்டிப் பார்க்கும் மின் நிறுவன மீட்டர், 100 வாட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் இல்லை என்று எழுதும். ஒவ்வொரு ஃபேஸையும் தனித்தனியாகக் கூட்டி வைக்கும் கருவியோ, அதே மணியில் 1.4 யூனிட் இம்போர்ட், 1.5 யூனிட் எக்ஸ்போர்ட் என்று சொல்லும். இரண்டின் நிகரமும் ஒன்றே, ஆனால் பில்லோடு ஒப்பிட ஆரம்பித்தால் தலை சுற்றும். உங்கள் மீட்டர் எப்படிக் கூட்டுகிறது என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதே முறையில் கூட்டும் கருவியை வாங்குங்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றப் பின்னால் கணினியில் கணக்குப் போட்டுச் சரிசெய்வது முடியாத காரியம், ஏனென்றால் கவுன்ட்டருக்குள் போன பிறகு எந்தக் கணத்தில் எது என்ற விவரம் போய்விடுகிறது.

இனி அந்த வீட்டின் இம்போர்ட்டில் பெரும்பகுதி மாலையின் 4 யூனிட்டும் இரவின் 2 யூனிட்டும். வெளியே போவது 6. எண்கள் அழகாகப் பொருந்துவதால் 6 யூனிட் பேட்டரி வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சார்ஜ் ஏற்றி இறக்கும்போது கொஞ்சம் யூனிட் வீணாகும் என்பதால் 6 உள்ளே போனால் 6 வெளியே வராது. மேலும் இவை வெயில் நாள் எண்கள், மழைக் காலத்தில் எக்ஸ்போர்ட்டே இரண்டுக்கு இறங்கினால் பெரிய பேட்டரி பாதி காலியாகவே கிடக்கும். எல்லாப் பருவத்திலும் தினசரி எக்ஸ்போர்ட், மாலை இரவு இம்போர்ட் இரண்டையும் எழுதிக்கொண்டே வந்து, ஒவ்வொரு நாளும் இரண்டில் எது சிறியதோ அதைக் குறித்து வைக்கச் சொன்னேன். அந்தப் பட்டியல் பேட்டரியின் அளவைச் சொல்லும். வாங்கும் நாளில், பேட்டரி இன்வெர்ட்டரின் சி.டி.யை மாட்டியதும் இருட்டில் குறியைப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அந்த சி.டி. தலைகீழாக இருந்தால் வீடு வாங்கும் நேரத்தில் பேட்டரி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், வெளியே போகும் நேரத்தில் தானும் சேர்ந்து கொட்டும்.